டாம் தன் தங்கைக்குக் கதவை அடைத்தது கடமையினாலா? – ‘தி மில் ஆன் தி ஃபிளாஸ்’ நாவல் குறித்து ஒரு கேள்வி

ஓரக்குறிப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜார்ஜ் எலியட் 1860இல் வெளியிட்ட ‘தி மில் ஆன் தி ஃபிளாஸ்’ நாவலைச் சென்ற வாரம் இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். கல்லூரி நாள்களில் முதல்முறை படித்தபோது அண்ணன் டாம் டலிவரை வெறுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. தங்கை மேகி சிந்திய கண்ணீர் முழுவதற்கும் அவன் ஒருவனே பொறுப்பு என்று தீர்ப்பெழுதிவிட்டு நூலை மூடினேன். இம்முறை அந்தத் தீர்ப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

படித்து நாளானவர்களுக்காகக் கதையைச் சற்று நினைவூட்டுகிறேன். 1820களின் இறுதியில் தொடங்கும் கதை இது. ஃபிளாஸ் ஆற்றில் கலக்கும் ரிப்பிள் என்ற சிற்றாற்றின் கரையில், செயின்ட் ஆக்ஸ் என்னும் கற்பனை ஊருக்கு அருகே, டலிவர் குடும்பம் தலைமுறைகளாக மாவு ஆலை ஒன்றை நடத்திவருகிறது. ஆற்று நீரின் உரிமைக்காகத் தொடுத்த வழக்கில் தந்தை தோற்றுப்போகிறார். கடன் மேலெழுந்து சொத்தெல்லாம் ஏலத்துக்குப் போகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேக்கம் ஆலையை வாங்கி, பழைய முதலாளியையே அங்கு மேலாளராகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறார். அப்போது பதினாறு வயதேயான டாம் படிப்பை விட்டுக் கிடங்கு வேலைக்குச் சென்று, பொழுதுபோக்கு என்ற ஒன்றையே அறியாமல் சில ஆண்டுகள் உழைத்து, தந்தையின் கடனை அடைக்கிறான். இடையில் மேகி வேக்கத்தின் மகன் பிலிப்பை மறைவாகச் சந்தித்துவந்ததைக் கண்டுபிடித்து, இனித் தனிமையில் அவனோடு ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று தந்தையின் பைபிள்மேல் அவளைச் சத்தியம் செய்யவைக்கிறான்.

அதற்கும் சில ஆண்டுகள் கழித்து அந்தப் படகுப் பயணம் வருகிறது. தாயின் உடன்பிறந்தாள் மகளான லூசியை மணக்கப்போகிறவன் என்று ஊரே எதிர்பார்த்திருந்த ஸ்டீபன் கெஸ்ட்டுடன் மேகி படகில் அமர்ந்திருக்க, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி ஓட்டம் அவர்களை இழுத்துச் சென்றுவிடுகிறது. ஸ்டீபன் திருமணம் செய்துகொள்ளலாம் என்கிறான். அவளும் அவனை நேசிக்கிறாள். ஆயினும் மறுத்துவிட்டுத் தனியாக ஊர் திரும்பி, நேரே டாமிடம் வந்து நிற்கிறாள். ‘என் வீட்டில் உனக்கு இடமில்லை’ என்கிறான் அவன். பணமில்லாமல் தவித்தால் தாய் மூலம் தெரிவித்தால் போதும், செலவுக்குக் கொடுப்பேன், ஆனால் என் கூரையின்கீழ் நீ வரக் கூடாது என்பது அவன் பேச்சின் சாரம்.

என்னை இரண்டு நாள்களாக உறுத்துவது இந்த இடம்தான். பணம் கொடுப்பேன் என்று சொல்பவனைப் பாசமே இல்லாதவன் என்று ஒதுக்க முடியவில்லை. குடும்பத்துக்காகத் தன் இளமையை ஈடு வைத்தவன் அவன். இவனுடைய கடுமையைக் கடமையுணர்வு முற்றியதன் விளைவாக ஆசிரியர் காட்டுகிறாரா, அல்லது கடமை என்பது இவனுக்கு வெறும் போர்வை என்கிறாரா? அதைவிட, இப்படிப்பட்ட அண்ணனிடம்தான் போய் நிற்கவேண்டும் என்று மேகிக்கு ஏன் தோன்றியது? இறுதியில் இருவரையும் ஒன்றாகப் பலிகொள்ளும் வெள்ளம் இக்கேள்விக்கு விடை சொல்கிறதா, விடை சொல்லாமல் தப்பிக்கிறதா? நிதானமாகப் படித்தவர்கள் சொல்லுங்கள்.


நெடுவாசகன் எழுதியது:

உங்கள் கேள்விக்கான விடை, டாம் தலைகாட்டாத ஓர் அத்தியாயத்தில் இருப்பதாக நான் எப்போதும் எண்ணிவந்திருக்கிறேன். தந்தை டலிவரின் உடன்பிறந்தவள் கிரிட்டி, வறண்ட நிலமும் மோசமான சாலைகளும் உள்ள பாசெட் என்ற ஊரில், மாஸ் என்னும் ஏழை விவசாயியை மணந்து பிள்ளைகுட்டிகளோடு தவித்துக்கொண்டிருக்கிறாள். அண்ணனிடம் மாஸ் வாங்கிய கடன் 300 பவுண்டு. தன் மனைவியின் மூத்த சகோதரி திருமதி கிளெக்கோடு ஏற்பட்ட சண்டையில், அவளுக்குத் தரவேண்டிய 500 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தே தீருவேன் என்ற வீறாப்பில், இந்த 300ஐக் கறாராகக் கேட்டு வாங்குவதற்காக டலிவர் குதிரையேறிப் போகிறார். அங்கே பேச்சு கிரிட்டியின் நான்கு பெண்பிள்ளைகளைப் பற்றித் திரும்புகிறது. பெண்கள் அண்ணன் தம்பிகளை நம்பித் தொங்கக் கூடாது என்று அவர் கடுமையாகச் சொல்ல, ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள் என்பதை நினைவில் வைத்து அந்தப் பையன்கள் தங்கைகளை நேசிப்பார்கள் என்றுதான் நம்புகிறேன் என்கிறாள் அவள். கணக்கைக் கண்டிப்பாகக் கேட்டுவிட்டுக் கிளம்பிய டலிவர், சற்று தூரம் போனதும் குதிரையை நிறுத்துகிறார். நான் போனபின் என் சின்னப் பெண்ணுக்கு டாமைத் தவிர யாரும் இருக்கமாட்டார்களே என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. தன் உடன்பிறந்தவளிடம் தான் கடுமையாக நடந்தால், நாளை டாம் மேகியிடம் அப்படி நடப்பான் என்ற ஓர் அச்சம். தர்க்கமே இல்லாத அச்சம்தான். ஆனாலும் திரும்பிப் போய், பணத்தைப் பற்றி இப்போது கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு வருகிறார்.

கணக்குப்படி பார்த்தால் இது முட்டாள்தனம். அவருடைய வீழ்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மரணப்படுக்கையில் அவர் பேசும் சொற்களைப் பாருங்கள். ஆலையை எப்படியாவது மீட்கப் பார் என்று டாமிடம் சொல்கிறார். தாயையும் தங்கையையும் பார்த்துக்கொள் என்கிறார். மேகியின் பக்கம் திரும்பி, உனக்காகப் பரிந்து பேச யாராவது வருவார்கள் என்று தேற்றிவிட்டு, ‘நான் என் உடன்பிறந்தவளிடம் நன்றாக நடந்துகொண்டேன்’ என்று சேர்க்கிறார். மகனுக்கு அவர் விட்டுப்போன உண்மையான உயில் இந்த ஒரு வாக்கியம்தான்.

டாம் இந்த உயிலில் எதை நிறைவேற்றினான்? கடனை அடைத்தான், ஆலையை மீட்டான். இரண்டும் எண்ணிப் பார்க்கக்கூடியவை. தந்தை தகரப்பெட்டியில் சிறுகச் சிறுகச் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்த 193 பவுண்டையும், சிறுவயதுத் தோழன் பாப் ஜேக்கினோடு சேர்ந்து சரக்கு அனுப்பிச் சம்பாதித்த தன் 320 பவுண்டையும் கூட்டிப் பார்க்க டாமுக்குத் தெரியும். இன்னொன்றும் சொல்லவேண்டும்: தந்தை நோயில் நினைவிழந்து கிடந்தபோது, மாஸின் கடன் பத்திரத்தை அழித்துவிட வேண்டும் என்று முன்வந்தவனும் டாம்தான். அதைத் தந்தை சொல்லியிருந்தார் என்பதால் செய்தான். தந்தை ஏன் அப்படிச் சொன்னார் என்பது அவன் காதில் விழவே இல்லை.

இந்தக் குணம் சிறுவயதிலேயே காட்டப்படுகிறது. பழக்கூழ் வைத்த பலகாரத்தை அவன் வெட்ட, இரண்டு துண்டுகளும் ஒத்துவராமல் போகின்றன. மேகியின் கண்ணை மூடச்சொல்லி எந்தக் கை என்று கேட்கிறான். நல்ல துண்டு அவளுக்கு விழுகிறது. நீயே எடுத்துக்கொள் என்று அவள் கெஞ்சினாலும், நியாயம் நியாயம்தான் என்று அவளையே தின்னவைக்கிறான். அவள் தின்று முடித்த பிறகு, எனக்கு ஒரு துளி கொடுத்தாயா, பேராசைக்காரி என்கிறான்! அந்த வயதிலேயே அவனிடம் சட்டமும் இருக்கிறது, சட்டத்தைக் கடந்த எதிர்பார்ப்பும் இருக்கிறது. முதலாவதை வாய்விட்டுச் சொல்வான். இரண்டாவதைச் சொல்லாமலே மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பான். தண்டனைக்கு உரியவர்கள் அனைவரையும் தண்டிக்க வேண்டும் என்பதில் சிறுவன் டாமுக்கு ஐயமே கிடையாது, தான் தவறு செய்தால் தனக்கும் தண்டனை வேண்டும் என்றுகூட ஒப்புக்கொள்வான், ஆனால் தான் தவறு செய்ததே இல்லையே என்று ஆசிரியர் கேலியாக எழுதும் இடம் எனக்கு இன்றும் சிரிப்பை வரவழைக்கிறது.

எனவே, கடமை அவனுக்குப் போர்வை என்று நான் சொல்லமாட்டேன். கடமையை அவன் கடனாக மட்டும் புரிந்துகொண்டான். ‘பணம் தருகிறேன், கூரை தரமாட்டேன்’ என்பதும் அதே கணக்கர் எழுதிய வரிதான்.


பழுப்புப்பக்கம் எழுதியது:

நெடுவாசகன் ஐயாவின் வாசிப்பு அழகானது. ஆயினும் டாமுக்காக ஒருவராவது வாதாட வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கடமையை அவன் தலையில் ஏற்றியவர்கள் யார், எப்படி ஏற்றினார்கள் என்று பார்க்கவேண்டும். நடைமுறை அறிவும் கைத்திறனும் உள்ள பையன் அவன். அவனை ஸ்டெல்லிங் என்ற பாதிரியாரிடம் அனுப்பி, லத்தீன் இலக்கணத்தையும் யூக்ளிடின் வடிவியலையும் மண்டையில் திணிக்கப் பார்க்கிறார் தந்தை. வழக்காடுகிறவர்களை எதிர்கொள்ளத் தெரிந்த மகன் வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே பார்க்கப்போன மேகிதான் அந்த லத்தீனைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறாள். பெண்பிள்ளைகளுக்கு மேலோட்டமான சுறுசுறுப்பு உண்டு, ஆழமாகப் போகமுடியாது என்று ஆசிரியர் ஸ்டெல்லிங் தீர்ப்பளித்துவிடுகிறார். பிறகு குடும்பம் நொடித்ததும், வேலை கேட்டு டீன் மாமாவிடம் டாம் போய் நிற்கும்போது அவர் கேட்கும் கேள்வி, கணக்கெழுதத் தெரியுமா என்பது. தெரியாது. அத்தனை செலவில் படித்த பையனுக்கு அதுதான் தெரியவில்லை. பகலில் கிடங்கில் வேலை, மாலையில் கணக்கெழுதப் படிப்பு என்று அவன் தொடங்குகிறான். தகுதியில்லாத படிப்பை அவனுக்குக் கொடுத்தார்கள். தகுதியுள்ளவளுக்கு அதை மறுத்தார்கள். வீடு இடிந்து விழுந்ததும் தாங்கிப் பிடிக்க அவன் தோள் மட்டுமே கணக்கில் வந்தது. மேகியும் பங்கெடுக்க விரும்பி ஊரில் தையல் வேலை வாங்கி வந்தபோது, என் தங்கை இப்படித் தாழ்ந்துபோக வேண்டியதில்லை என்று டாம் கோபப்படுகிறான். இதை அவனுடைய ஆணவம் என்று சொல்வது எளிது. அந்த வீட்டில், அந்தக் காலத்து இங்கிலாந்தில், ஆண்மகனுடைய கடமை என்று அவனுக்குக் கற்பித்துக்கொடுத்தது அதைத்தான். மேகியின் உதவியை ஏற்றால் தன் கடமையில் குறை வைத்தவன் ஆவான் என்று அவன் நினைத்தான்.

குடும்ப பைபிளில் எழுதவைக்கும் காட்சியை யாரும் குறிப்பிடவில்லை. வேக்கத்தின்கீழ் வேலை செய்ய ஒப்புக்கொண்ட அன்றிரவு, அவனை மன்னிக்கமாட்டேன், அவனுக்குத் தீங்கு வரட்டும் என்று பிறப்பு இறப்புகளைக் குறிக்கும் அந்தப் பக்கத்திலேயே தந்தை எழுதச்சொல்கிறார். வாய்ப்பு வரும்போது வேக்கமும் அவன் வீட்டாரும் அதை உணரும்படி செய்வேன் என்று டாமைத் தன் பெயரிலேயே கையொப்பமிடச் சொல்கிறார். வேண்டாம் அப்பா என்று மேகி கதறுகிறாள். பேசாமல் இரு, நான் எழுதுவேன் என்கிறான் டாம். பதினாறு வயதுப் பையனின் கையில் தந்தையே பகையைக் கொடுத்துவிட்டு, பிறகு பிலிப் விஷயத்தில் அவன் ஏன் இளகவில்லை என்று நாம் கேட்பது நியாயமாகப் படவில்லை. நெடுவாசகன் ஐயா சொன்ன உயிலுக்கு முன்னால் எழுதப்பட்ட உயில் இது. மை உலர்ந்த எழுத்தில் இருப்பது இதுதான்.

இறுதியாக லூசி. டாம் தன் மனத்தை யாரிடமும் திறந்து காட்டுபவன் அல்லன். ஆனால் லூசிக்குப் பரிசாகக் கொடுக்க ஒரு சின்ன ஸ்பானியல் நாய்க்குட்டி தேடித்தரச் சொன்னான் என்று பாப் ஜேக்கின் போகிறபோக்கில் மேகியிடம் சொல்கிறான். அதற்குமேல் ஆசிரியர் பேசுவதில்லை. அந்த ஒரு நாய்க்குட்டியை நினைவில் வைத்துக்கொண்டு, ஸ்டீபனோடு போய்வந்த மேகியிடம் அவன் பேசும் பேச்சை மறுபடி படியுங்கள். தான் வாய்விட்டுக் கேட்கவே துணியாத பெண்ணின் வாழ்வைத் தங்கை குலைத்துவிட்டாள் என்ற எரிச்சலும் அதில் இருக்கிறது. கணக்கர் மட்டும் எழுதிய வரி அன்று அது.


ஓரக்குறிப்பு எழுதியது:

இருவருக்கும் நன்றி. நாய்க்குட்டியை நான் கவனிக்காமலே கடந்துபோயிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

ஆனால் பழுப்புப்பக்கம் அவர்கள் சொல்வதில் ஓர் ஐயம். டாம் தனக்குக் கற்பிக்கப்பட்ட குடும்பநெறியைத்தான் பின்பற்றினான் என்றால், அந்த நெறியின் தலைமைப் பூசாரி யார்? தாய்வழி டாட்ஸன் குடும்பத்தின் மூத்தவளான திருமதி கிளெக் அல்லவா? வட்டிக்கணக்கிலும் துணிகளின் மடிப்பிலும் உறவினரின் குறைகளிலும் கண்ணாக இருப்பவள். குழந்தை மேகியைக் கண்டாலே முகம் சுளித்தவள். ஊரே மேகியைத் தூற்றும்போது, எல்லோருக்கும் முன்னால் அவள்தான் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்பினேன். நடப்பதோ நேர்மாறு. தங்கையைப் பற்றிக் கெட்டதை நம்ப முந்திக்கொண்டாயே என்று டாமையே கடிந்துகொள்கிறாள். மானத்தில் ஒரு நூலிழை மிஞ்சியிருக்கும்வரை உறவுக்காரர்கள் உறவுக்காரர்களைத் தாங்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பிறகு எதைத் தாங்குவது என்கிறாள். தன் வீட்டுக்கு வந்துவிடும்படி மேகிக்குச் சொல்லியனுப்புகிறாள். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சியை நான் எந்த நாவலிலும் படித்ததில்லை. டாட்ஸன் நெறிக்கே டாமின் கடுமை தேவைப்படவில்லை என்றால், அது எங்கிருந்து வந்தது?


பழுப்புப்பக்கம் எழுதியது:

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளெக் பெரியம்மாவுக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை என்பதையும் கவனியுங்கள். அவள் வாழ்நாள் முழுவதும் டாட்ஸனாகவே இருந்துவிட்டவள். அந்தப் பெயரில் கறை படியும் என்று அவளுக்குத் தோன்றுவதே இல்லை. டாமோ இழந்த பெயரை ஒவ்வொரு பவுண்டாகச் சேர்த்து மீட்டவன். புதிதாகச் சுண்ணாம்படித்த சுவரில் கைவைத்தால்தான் நமக்கும் கோபம் வருகிறது.


கரையோரம் எழுதியது:

இத்தனை பேர் டாமைப் பற்றியே பேசுவதால், மேகி ஏன் திரும்பினாள், வெள்ளம் எதற்கு என்ற இரண்டு கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடந்தகாலம் நம்மைக் கட்டாவிட்டால் கடமை வேறெங்கே இருக்கும் என்று மேகி ஸ்டீபனிடம் கேட்கிறாள். அவளைப் பொறுத்தவரை கடந்தகாலம் என்பது டாமோடு மீன்பிடித்த குளக்கரை. பசியெடுத்த அவனுடைய முயல்களை மறந்துபோய்ச் சாகவிட்டதற்காக அவன் பேசாமல் போனபோது பரண்மேல் ஏறி அழுத நாள். அவளுக்குச் சரி எது, தவறு எது என்பதையெல்லாம் முதலில் வரையறுத்துக் கொடுத்தது டாமின் முகம். அந்த முகத்தின் தீர்ப்பு அநியாயமானது என்று அறிவுக்குத் தெரிந்த பிறகும், அது இல்லாத ஒரு வாழ்க்கையை அவளால் வாழ்க்கை என்று எண்ண முடியவில்லை. இதை நற்பண்பு என்று மட்டும் சொல்லிவிட மாட்டேன். இதில் அடிமைத்தனமும் கலந்திருக்கிறது. ஆசிரியருக்கும் அது தெரியும்.

தெரியும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜார்ஜ் எலியட் என்பது புனைபெயர். இயற்பெயர் மேரி ஆன் எவன்ஸ். 1819இல் வாரிக்ஷயரில் நனீட்டன் அருகே, ஒரு பண்ணையின் மேலாளருக்குப் பிறந்தவர். மூன்று வயது மூத்த அண்ணன் ஐசக்கின் பின்னால் ஓடியோடி வளர்ந்தவர். ஏற்கெனவே மணமாகி மணவிலக்குப் பெற வழியில்லாதிருந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸோடு 1854 முதல் சேர்ந்து வாழ்ந்தார். 1857இல் அதை அண்ணனுக்கு எழுதித் தெரிவித்தபோது, ஐசக் தம் வழக்கறிஞர் மூலம் விவரம் கேட்டு எழுதவைத்தார். அதோடு தொடர்பை அறுத்துக்கொண்டார். சகோதரிகளும் அவர் சொற்படி விலகினார்கள். அக்கா கிறிஸி அதற்காக வருந்திக் கடிதம் எழுதி, 1859இல் இறந்துபோனார். அந்த ஆண்டில்தான் இந்த நாவல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. முதலில் நினைத்திருந்த தலைப்பே ‘தங்கை மேகி’ என்பது; இப்போதுள்ள பெயரைச் சொன்னவர் பதிப்பாளர் பிளாக்வுட். ஐசக் மௌனத்தைக் கலைத்தது 1880 மே மாதத்தில். லூயிஸ் இறந்த பிறகு ஜான் கிராஸ் என்பவரைத் தங்கை முறைப்படி மணந்துகொண்டதும் வாழ்த்துக் கடிதம் வந்தது. இருபத்துமூன்று ஆண்டுகள்! தங்கை அன்போடு பதில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் இறந்தார். ஹைகேட் கல்லறையில் நடந்த அடக்கத்துக்கு ஐசக் வந்திருந்தார்.

டாமும் ஐசக்கும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஐசக் நொடித்த குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அல்லர். மேகியும் எழுத்தாளர் ஆகவில்லை. ஆனால் டாமுக்காக வாதாடும் பகுதிகளை இந்த நாவலில் எழுதியிருப்பவர், கதவடைக்கப்பட்ட தங்கை. அதை மறந்துவிட்டு இந்நூலைப் படிக்க எனக்கு வரவில்லை.

இனி வெள்ளம். அது தப்பித்தல் என்று சொன்ன விமர்சகர்கள் பலர். எஃப். ஆர். லீவிஸ் அதை ஆசிரியரின் பகற்கனவு என்ற பொருள்படக் கடிந்திருக்கிறார். முதல் இரண்டு தொகுதிகளில் குழந்தைப் பருவத்தை விரும்பி விரித்து எழுதியதால் மூன்றாம் தொகுதிக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இத்தனைக்குப் பிறகும் அந்த முடிவுக்கு ஓர் ஒழுங்கு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஊருக்குப் பெயர் தந்த ஆக் என்ற படகோட்டியின் கதையை நினைவுகூருங்கள். புயலில் கந்தையுடுத்த ஒரு பெண் குழந்தையோடு அக்கரைக்குப் போகவேண்டும் என்று கெஞ்சுகிறாள். காலைவரை பொறுத்தால் என்ன, இப்போது ஏன் போகவேண்டும் என்று மற்றவர்கள் விசாரிக்கிறார்கள். ஆக் காரணம் கேட்கவில்லை. உன் உள்ளத்துக்கு அது தேவைப்படுகிறது என்பதே போதும் என்று சொல்லி ஏற்றிக்கொள்கிறான். அக்கரை சேர்ந்ததும் அவள் கன்னி மரியாளாக ஒளிர்கிறாள். ஸ்டீபனோடு போன இரவில் மேகி காணும் கனவில் அதே படகு வருகிறது: அதில் மரியாளாக அமர்ந்திருப்பவள் லூசி, படகோட்டுபவன் முதலில் பிலிப், பிறகு பார்த்தால் டாம். அவளைத் திரும்பிப் பாராமலே துடுப்புப் போட்டுக் கடந்துபோகிறான்.

இப்போது வெள்ள இரவுக்கு வாருங்கள். ஆற்றோரத்தில் பாப் ஜேக்கின் வீட்டில் குடியிருக்கும் மேகியின் முழங்காலைத் தண்ணீர் தொடுகிறது. தானே துடுப்பெடுத்து, இருட்டில், ஓட்டத்தை எதிர்த்து ஆலைக்குப் போகிறாள். தாய் வெளியூர் போயிருக்க, பரண் சன்னலில் டாம் தனியாக நிற்கிறான். அவன் அவளிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றையும் அவள் திருப்பிக் கேட்கவில்லை. ஆக்கின் இடத்தில் இப்போது தங்கை இருக்கிறாள். படகில் ஏறித் துடுப்பை வாங்கிய பிறகுதான், இவள் என்ன செய்திருக்கிறாள் என்பது டாமுக்கு உறைக்கிறது. அவனுக்கு வாய்க்கு வருவது அவளுடைய சிறுவயதுச் செல்லப்பெயர், ‘மேக்ஸி’, அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கும் வாக்கியம் ஒன்றை ஆசிரியர் அவனுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதுவும் ஒரு கணக்குத் தீர்ப்பாகியிருக்கும். சற்று நேரத்தில் துறைமேடையிலிருந்து அடித்துவரப்பட்ட மரச்சட்டங்கள் படகின்மேல் மோதுகின்றன.


நெடுவாசகன் எழுதியது:

கரையோரம் அவர்களின் கனவு வாசிப்பு எனக்குப் புதிது, மனமார ஏற்கிறேன். ஒரு சிறு இணைப்பு மட்டும். ஆலை கைமாறினால் ஆறு கோபம் கொள்ளும் என்று தன் தந்தை சொல்லக் கேட்டிருப்பதாக டலிவர் ஓரிடத்தில் சொல்கிறார். ஆலை வேக்கத்திடம் போனபோது ஆறு பேசாமல் இருந்தது. டாம் அதை மீட்டு, மேகிக்கு அதன் கதவை அடைத்த பிறகுதான் பெருகி வந்தது. அந்த ஆலை திரும்பக் கிடைத்ததற்குப் பின்னால், விற்கச் சம்மதிக்கும்படி தன் தந்தையை இணங்கவைத்த பிலிப் இருக்கிறான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். எந்த வேக்கத்தின் மகனோடு பேசக் கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கினானோ, அவனுடைய அன்பால் வந்த வீடு அது.


ஓரக்குறிப்பு எழுதியது:

இந்த உரையாடலுக்குப் பிறகு, கதவடைக்கும் காட்சியை நேற்றிரவு மீண்டும் எடுத்துப் படித்தேன். நாங்கள் எல்லோரும் அண்ணனையும் தங்கையையும் பார்த்துக்கொண்டிருந்ததில் மூன்றாவது ஆளை விட்டுவிட்டோம். திருமதி டலிவர் நாவல் முழுவதும் அறிவுக்குறைவானவளாகவே வருகிறாள். கணவர் சாய்ந்து கிடக்கும்போது, கன்னிப் பெயர் பொறித்துத் தானே நூற்ற மேசைவிரிப்புகள் ஏலத்துக்குப் போகின்றனவே என்று அழுதவள். வேக்கத்திடம் போய்ப் பேசிக் காரியத்தைக் கெடுத்தவள். மேகியின் கறுத்த தோலையும் அடங்காத முடியையும் பற்றி வாழ்நாளெல்லாம் குறைப்பட்டவள். மகன் கதவடைக்கிறான், மேகி திரும்பி நடக்கத் தொடங்குகிறாள். அப்போது பின்னாலிருந்து, ‘குழந்தாய், நான் உன்னோடு வருகிறேன். உனக்கு ஒரு தாய் இருக்கிறாள்’ என்ற குரல் வருகிறது. கடமை என்ற சொல்லை அவள் அந்த இடத்தில் உச்சரிப்பதே இல்லை. மகன் மீட்டுத் தந்த வீட்டைவிட்டு, கையில் இருந்த கொஞ்சப் பணத்தை எடுத்துக்கொண்டு, தங்க இடம் எங்கே என்றுகூடத் தெரியாமல் மகளோடு நடக்கிறாள்.